ஓட்டும் விதத்தைப் பார்த்து விலை சொல்லும் கார் காப்பீடு: புதிய ஓட்டுநரின் மதிப்பீடு

நாம் வண்டி ஓட்டும் விதத்தை அளந்து, அதற்கேற்பப் பிரீமியத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் டெலிமேட்டிக்ஸ் பாலிசியை, உரிமம் பெற்ற முதல் ஆண்டிலேயே எடுத்துப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கார் காப்பீட்டில் உள்ள சலுகைகளில் பெரும்பாலானவை ஆண்டுகள் கழிந்தால்தான் கைக்கு வரும். முதல் ஆண்டிலேயே நம்முடைய கவனத்தால் ஈட்டிக்கொள்ளக்கூடிய சலுகை இது ஒன்றுதான் என்பதால், புதிய ஓட்டுநர்கள் இதை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

புதிதாக ஓட்டுபவரிடம் காப்பீட்டு நிறுவனம் அதிகம் கேட்பதற்குக் காரணம், அவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது என்பதே. கிளைம் இல்லாமல் கழித்த ஆண்டுகள் அவருக்கு இல்லை. எனவே அந்த ஆண்டுகளுக்குத் தரப்படும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் இல்லை. அனுபவமில்லாத ஓட்டுநர்கள் அனைவரையும் ஒரே கூட்டமாகக் கொண்டு, அந்தக் கூட்டத்தின் விபத்துக் கணக்கை வைத்து அவருக்கு விலை போடுகிறார்கள். டெலிமேட்டிக்ஸ் பாலிசி செய்வது, அந்தக் கூட்டத்திலிருந்து நம்மைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

இதற்கான கருவி மூன்று வடிவங்களில் வருகிறது: காருக்குள் பொருத்தப்படும் பெட்டி, காரின் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படும் ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி, கைப்பேசிச் செயலி. மூன்றும் ஜிபிஎஸ் வழியாகவோ அசைவுணரி வழியாகவோ வேகம், தூரம், ஓட்டும் நேரம், திடீர் பிரேக், திடீர் முடுக்கம், வளைவில் திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. சில செயலிகள், ஓட்டும்போது கைப்பேசியைத் தொட்டோமா என்பதையும் கணக்கில் சேர்க்கின்றன.

இந்தப் பதிவுகளை வைத்து நமக்குத் தரப்படும் மதிப்பெண்ணை அதிகம் கெடுப்பது வேகம் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். என் அனுபவத்தில் பிரேக்தான் அதைவிடப் பெரிய காரணமாக இருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 3 நொடிகளில் நின்றால், வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டர் வீதம் குறைகிறது. அதை எந்தக் கருவியும் திடீர் பிரேக் என்றே குறித்துக்கொள்ளும். அதே கார் 8 நொடிகளில் நின்றால், நொடிக்கு 7.5 கிலோமீட்டர்தான் குறைகிறது. இந்த 5 நொடிகளை நமக்குத் தருவது முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே விடும் இடைவெளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி இடைவெளி என்றால் ஏறக்குறைய 33 மீட்டர். நெரிசலில் இது மிகை என்று தோன்றினாலும், இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதும் என் மதிப்பெண் ஏறியது. அதைவிட முக்கியமாக, சிக்னல் மாறுவதைத் தூரத்திலேயே கவனித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் பழக்கம் வந்தது. பிரீமியத்துக்காகக் கற்றதாக இருந்தாலும், உயிரைக் காக்கும் பழக்கம் அது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. செயலி வடிவத்தில், பிறர் ஓட்டும் காரில் பயணியாக அமர்ந்து சென்றாலும் அது நம் ஓட்டமாகப் பதிவாகிவிடலாம். ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. இருக்கையில் வைத்த கைப்பேசி சறுக்கினால்கூட அது திடீர்த் திருப்பமாகக் கணக்கிடப்படக்கூடும். ஆகவே, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், காரில் பொருத்தும் கருவியையே பரிந்துரைப்பேன். கார் திருடுபோனால் இருப்பிடம் அறியவும் அது உதவக்கூடும். ஆனால் காரை மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டக் கட்டணம் உண்டா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டுவதற்குப் பல பாலிசிகள் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. இரவுப் பணி செய்பவர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் தண்டிக்கப்படுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு இந்தப் பாலிசியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரவு யாரிடம் போகிறது என்பதையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஓட்டும் பழக்கத் தரவையும் இருப்பிடத் தரவையும் போதிய ஒப்புதலின்றிப் பிறருக்கு விற்றதாகக் கார் தயாரிப்பு நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. இந்த அச்சம் கற்பனையானதல்ல என்பதற்கு இதுவே போதும்.

டெலிமேட்டிக்ஸ் மட்டுமே செலவைக் குறைத்துவிடாது. காரின் தேர்வு அதற்கு முன்பே வருகிறது: எஞ்சின் திறன் குறைந்த, உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும், மாற்றங்கள் எதுவும் செய்யப்படாத காருக்குப் பொதுவாகப் பிரீமியம் குறைவு. கிளைமின்போது நாமே ஏற்கும் தொகையை உயர்த்தினாலும் பிரீமியம் இறங்கும். ஆனால் அனுபவமற்றவருக்கென நிறுவனம் விதிக்கும் கட்டாயத் தொகை தனியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே நம் தலையில் விழும் என்பதால், கையிருப்பில் உள்ள பணத்துக்கு மேல் அதை உயர்த்தக் கூடாது. அனுபவமுள்ள ஒருவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது பல இடங்களில் பயன் தரும். அன்றாடம் ஓட்டுவது நாமாக இருக்க, பெற்றோரை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவதோ மோசடி. விபத்து நேர்ந்த நாளில் அந்தப் பாலிசி செல்லாமல் போகலாம். மாதத் தவணைக்கு வட்டி சேரக்கூடும் என்பதால், முடிந்தவர்கள் ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் செலுத்துவது நல்லது.

புதுப்பிக்கும் நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நோ கிளைம் போனஸைப் பொதுவாக வேறு நிறுவனத்துக்கும் எடுத்துச் செல்ல முடியும். டெலிமேட்டிக்ஸ் மதிப்பெண்ணை அப்படி எடுத்துச் செல்ல முடியும் என்று நம்பியிருக்க இயலாது. எனவே நல்ல மதிப்பெண்ணுக்கு இப்போதைய நிறுவனம் எவ்வளவு குறைக்கும் என்பதை எழுத்தில் பெற்று, போனஸை மட்டும் வைத்துப் பிற நிறுவனங்கள் தரும் விலையோடு அதை ஒப்பிட்ட பின்னரே பணம் செலுத்துங்கள்.