ரவுட்டர் பெயரை மாற்றுவதா, போனில் செட்டிங்கை அணைப்பதா?

போன் இடத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்றால் முதலில் எவ்வளவு தூரம் தப்பு என்று பாருங்கள். இருபது முப்பது மீட்டர் தள்ளி அடுத்த தெருவில் புள்ளி நின்றால், உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் வருவது, அதை நான் இங்கே தொடவில்லை. புள்ளி சரியாக இருந்து திசை மட்டும் மாறியிருந்தால் போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டுப் போடுங்கள், சரியாகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு ரகம்: வீடு தாம்பரத்தில் இருக்கிறது, மேப் மதுரை என்கிறது. மொட்டை மாடிக்குப் போய் நின்றால் தாம்பரம், கீழே ஹாலுக்கு வந்தால் மறுபடி மதுரை.

இதற்குக் காரணம் போன் இல்லை, வீடு மாறும்போது சாமான்களோடு ஏற்றிக்கொண்டு வந்த ரவுட்டர். சாட்டிலைட் சிக்னல் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதால் கான்கிரீட் கூரைக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதனால் போன் அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களைப் பிடித்து, எந்த ரவுட்டர் எந்த ஊரில் என்று கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கும் பட்டியலில் தேடி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் பட்டியலில் நம் ரவுட்டர் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது.

ஆக ஃபேக்டரி ரீசெட் வீண் வேலை, பட்டியல் போனுக்குள் இல்லையே. ஆண்டெனா மாற்றுவதும் அப்படித்தான். புது ரவுட்டர் வாங்கினால் தீரும், ஆனால் நன்றாக ஓடுவதைத் தூக்கிப்போட மனசு வராது. சும்மா இருந்தாலும் பட்டியல் ஒருநாள் தானாகத் திருந்தும், எப்போது என்பது நம் கையில் இல்லை.

மிச்சம் இரண்டு வழி. முதலாவது, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் லொகேஷனுக்குள் போய் லொகேஷன் அக்யூரசியை அணைப்பது. அப்புறம் போன் வைஃபை பட்டியலைக் கேட்காது, சாட்டிலைட்டை மட்டும் நம்பும். பலன் உடனே தெரியும், ஜன்னல் ஓரமாக நின்றால்.

இரண்டாவது, ரவுட்டரின் வைஃபை பெயருக்குக் கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோரும் நோமேப் என்ற சொல்லும் (_nomap) சேர்ப்பது, ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். இந்த ரவுட்டரைப் பட்டியலில் சேர்க்காதே என்று சொல்ல 2011-ல் கூகுள் கொண்டுவந்த ஏற்பாடு இது. நான் செய்தது இதைத்தான், செய்யச் சொல்வதும் இதையே.

ஏனென்றால் முதல் வழியில் பராமரிப்பு தீராது. வீட்டில் எத்தனை போனோ அத்தனையிலும் அணைக்க வேண்டும், விருந்தாளி வந்தால் அவர் போனிலும். அணைத்தாலும் நிலைக்காது: ஏதாவது ஒரு ஆப் திறக்கும்போது துல்லியத்தைக் கூட்டட்டுமா என்று பெட்டி ஒன்று எழும், அம்மா வழக்கம்போல ஓகே அழுத்துவார், சாப்பாட்டு ஆர்டர் மறுபடி மதுரைக் கடைகளைக் காட்டும். போதாததற்கு வெளியே போகும்போதும் அந்த உதவி இல்லை, மால், பார்க்கிங் மாதிரி இடங்களில் புள்ளி திணறும். பெயர் மாற்றுவது ஒருமுறை வேலை, நம் ரவுட்டர் கணக்கிலிருந்து போய்விட்டால் பக்கத்து வீட்டு வைஃபைகள் சரியான இடத்தைச் சொல்லிவிடும். சுற்றிலும் வைஃபையே இல்லாத தோட்டத்து வீட்டில் எப்படி இருக்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மாற்றிய அன்றே பலன் தெரியாது, சில நாள் பொறுக்க வேண்டும். அதுவரை முதல் வழியைக் கைமாற்றாக வைத்துக்கொள்ளலாம். டிவி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் புதுப் பெயரில் மறுபடி இணைக்க வேண்டும், இதுதான் பெரிய எரிச்சல். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று ரவுட்டர் இரண்டு பெயர் காட்டினால் இரண்டையும் மாற்றுங்கள். ஐபோன் எங்கள் வீட்டில் கிடையாது, ஆனால் ஆப்பிளும் நோமேப்பை ஏற்றுக்கொள்கிறது.

விண்டோஸ் லேப்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் சொல் வேறு, அண்டர்ஸ்கோர் ஆப்ட்அவுட் (_optout). அது பெயரில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், நோமேப் மட்டும் கடைசியில்தான் இருக்க வேண்டும், ஆகவே ஆப்ட்அவுட் முன்னால், நோமேப் பின்னால். மொத்தப் பெயர் 32 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.