வெப்சைட்டுக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிறு கடையோ சிறு ஆலையோ நடத்துபவர்கள் யாராவது இப்போது வெப்சைட் செய்யக் கொடுத்திருந்தால், மீதிப் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். காங்கேயம் பக்கம் நாங்கள் குடும்பமாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். தெரிந்தவர் மூலம் வந்த டிசைனர் ஒருவர் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஒரு தளம் செய்து தந்தார். அது வியாபாரத்தைக் கொண்டுவரவில்லை, வந்ததையும் தடுத்தது.

அவருடைய லேப்டாப்பில், அவருடைய வைஃபையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் பார்ப்பதோ பத்தாயிரம் ரூபாய் போனில். முகப்பில் செக்குப் படங்கள் மாறி மாறி ஓடும். கேமராவில் எடுத்ததைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார், ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி. ஊர்ப்பக்க சிக்னலில் அது திறக்கும்வரை யார் காத்திருப்பார்கள்?

அதைவிட மோசம், எண்ணெய் வகை, விலை, போன் நம்பர் எல்லாமே போட்டோஷாப்பில் செய்த படங்கள். எழுத்தாக ஒரு வரிகூட இல்லை. தமிழில் அடித்தால் எழுத்து உடையும் என்று காரணம் சொன்னார். பச்சைப் பொய். எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் அடித்த தமிழ் இன்றைய எந்த போனிலும் ஒழுங்காகத் தெரியும். ‘மரச்செக்கு கடலை எண்ணெய்’ என்று ஒருவர் தேடும்போது கூகுள் முதலில் பார்ப்பதும் பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான். நம்பர் படமாக இருந்ததால் தொட்டால் போன் கால் போகாது. நிலக்கடலை விலை ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் விலையும் மாறும், ஒவ்வொரு தடவையும் படத்தை மாற்ற அவருக்கு 500 ரூபாய். அந்த வரும்படிக்காகவே அப்படிச் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் தளத்தைச் செய்த வேர்ட்பிரஸ் மென்பொருளின் செட்டிங்ஸில், ரீடிங் என்ற பக்கத்தில், கூகுள் போன்ற தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தேடல் முடிவுகளில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. வேலை நடக்கும்வரை டிக் செய்து வைப்பார்கள், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அவர் எடுக்கவே இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, கூகுளில் மேலே வர எஸ்இஓ பேக்கேஜ் போடுங்கள் என்று மாதாமாதம் பணம் கேட்டார். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, அதற்கு வருடம் 3,000 ரூபாய் தனியாக வாங்கினார்.

மனசு ஆறாதது ஆர்டர் படிவம்தான். அதில் எழுதியதெல்லாம் அவர் சோதனைக்கு வைத்திருந்த ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தீபாவளிக்கு 15 லிட்டர் டின் கேட்டு எழுதியவர் நேரில் வந்து சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் எத்தனை பேர் கேட்டுவிட்டு, பதில் வராமல் வேறு கடைக்குப் போனார்களோ! சாப்பாட்டு நடுவில் போன் வந்தாலும் எழுந்து போய் எடுப்பவர் எங்கள் அப்பா. கேட்டால் பதில் சொல்லாதவர் என்ற பேர் அவருக்கு வந்திருக்கிறது.

சரி, வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றால், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. விட்டுத்தர 40,000 கேட்கிறார். பாட்டில் லேபிள், ரசீது, டெலிவரி வண்டி எல்லாவற்றிலும் அந்த முகவரிதான்.

அதனால் டொமைன் பதிவை உங்கள் கணக்கில், ஓடிபி உங்கள் போனுக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள். விலையை நீங்களே ஒருமுறை மாற்றுங்கள், டிசைனர் உதவி இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரரை விட்டு ஒரு ஆர்டர் போடச் சொல்லி, அது உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பணம் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு டாட் இன்னில் புது முகவரி வாங்கி, பழைய லேபிள் மேல் ஒட்டி விற்கிறோம். பழைய தளத்தில் எங்களுக்கு ஆர்டர் எழுதியவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அது எங்கள் கைக்கு வரவே இல்லை. பாட்டிலில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போடுங்கள், அது மாறவில்லை.