செகண்ட்ஹேண்ட் சப்மரைனர் 16610: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

2010-ல் டயலைச் சுற்றி செராமிக் வளையத்தோடு 116610 என்ற அடுத்த மாடல் வந்ததும் ரோலெக்ஸ் நிறுத்திய டைவிங் வாட்ச் இது. 40 மி.மீ. கேஸ், 3135 மெஷின், 300 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏமாற்று வேலை நடப்பது கேஸிலும் டயலிலும்தான்.

முதலில் லக்குகளை, அதாவது செயின் மாட்டும் கேஸின் நான்கு கால்களைப் பாருங்கள். பலமுறை பாலிஷ் போட்டிருந்தால் நான்கும் ஒரே தடிமனில் இருக்காது. விளிம்பு, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். தேய்ந்துபோன உலோகம் திரும்ப வராது. "புதுசு மாதிரி மின்னுது சார்" என்றால் விலையைக் குறைத்தே கேளுங்கள்.

அடுத்து, 6 மணிப் பக்கம் செயினைக் கழற்றச் சொல்லி, லக்குகளுக்கு நடுவில் உள்ள சீரியல் எண்ணை வாரண்டி கார்டோடு ஒப்பிடுங்கள். கழற்ற மறுக்கும் கடையில் நிற்கவே வேண்டாம். செயினைக் கிடைமட்டமாகப் பிடித்தால் ரொம்பத் தொங்குகிறதா? உள்ளே கண்ணிகள் தேய்ந்திருக்கின்றன.

முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க டைம்கிராஃபரில் (வாட்ச் ஓட்டத்தை அளக்கும் கருவி) வையுங்கள். அதில் லிஃப்ட் ஆங்கிள் (இந்த மெஷினுக்கான அமைப்பு எண்) 52 டிகிரி. ஆம்ப்ளிட்யூட் (உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம்) 270 டிகிரியைத் தாண்டினால் நல்லது. 230 என்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸ் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

2022-ல் ரோலெக்ஸே தொடங்கிய சான்றளிக்கப்பட்ட செகண்ட்ஹேண்ட் திட்டத்தில் 2 ஆண்டு உத்தரவாதம் உண்டு, விலைதான் கூடுதல். கிரே மார்க்கெட்டில் (ரோலெக்ஸின் அங்கீகாரம் இல்லாத கடைகளில்) மலிவாகக் கிடைத்தால், கடைக்காரரின் சொந்த வாரண்டியையும் திருப்பிக் கொடுக்கும் நாட்களையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.