அம்மா வீடா, நம் வீடா, ஆயாவா? பிரசவத்துக்கு அப்புறம் ராத்திரி விழிப்பது யார்

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது நம் பக்கம் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, தானாக நடப்பது. மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் குழந்தையோடு திரும்பி வருவாள். தலைப்பிரசவத்துக்கு நானும் அப்படித்தான் விருதுநகர் பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்துக்கொண்டேன். இப்போது என் சித்தி மகள் ஏழாம் மாதத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதா, அம்மாவை வரவழைப்பதா, ஆயா வைப்பதா என்று அவள் கேட்டதற்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு அம்மா நம் வீட்டுக்கு வருவதற்குத்தான். ஏஜென்சி மூலம் ஆயா வைப்பது மூன்றாவது வழி. அதை நான் என் வீட்டில் செய்யவில்லை. என் நாத்தனார் வைத்திருந்தார், அங்கே போய்வந்தபோது பார்த்ததையும் அவர் சொன்னதையும் வைத்துத்தான் அதைப் பற்றிப் பேச முடியும்.

சாப்பாடு, பத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் மூன்று வழியிலும் எப்படியோ நடந்துவிடும். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் அம்மா கையால் எங்கே சமைத்தாலும் ஒன்றுதான். செலவும் ஊருக்கு ஊர் மாறும். இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஒரே கேள்வி: ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை யார் எப்போது விழித்திருப்பது?

இந்தக் கேள்வியை இவ்வளவு பெரிதாக்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நிம்மதியாக இருக்கும், ஆனால் அது இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டான தூக்கம். பகல் எது, இரவு எது என்ற கணக்கு அதன் உடம்புக்குள் உருவாகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இதை எந்தப் பழக்கத்தாலும், எந்த லேகியத்தாலும் மாற்ற முடியாது. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடலாம், ராத்திரி விளக்கைக் குறைத்துப் பேச்சையும் குறைக்கலாம், அவ்வளவுதான் நம் கையில். மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்.

பெற்றவளின் உடம்பும் அந்த நேரத்தில் சாதாரண உடம்பு இல்லை. தமிழ்நாட்டில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். தையல் போட்ட வயிற்றோடு படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவதே முதல் இரண்டு வாரத்துக்குப் பெரிய வேலை. ராத்திரியில் நாலு தடவை எழ வேண்டும் என்றால் நாலு தடவையும் ஒருக்களித்து, கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து எழ வேண்டும். குழந்தையை எடுத்துக் கையில் கொடுக்க ஓர் ஆள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு ராத்திரி விழிப்பைப் பிரித்துப் பாருங்கள். குழந்தை அழுகிறது, எடுக்கிறோம், துணி மாற்றுகிறோம், பால் கொடுக்கிறோம், தோளில் போட்டு ஏப்பம் எடுக்கிறோம், பாதி நேரம் அதற்குள் மறுபடி துணி நனைந்திருக்கும், அப்புறம் தட்டித் தூங்கவைக்கிறோம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். இதில் பெற்றவள் மட்டுமே செய்ய முடிந்தது பால் கொடுப்பது ஒன்றுதான். மிச்சத்தை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அவள் விழித்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். ராத்திரிக்கு நாலு தடவை என்று கணக்குப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கிற தூக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அம்மா வீட்டில் இந்த மிச்சம் யார் தலையில் விழுகிறது? அம்மா தலையில். என் அம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. பகல் முழுக்கப் பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போடுவது. ராத்திரி குழந்தை சிணுங்கினாலும் முதலில் எழுந்து வருவது அவர்தான். "நீ படுடி, நான் பாத்துக்கிறேன்" என்பார். முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவருவதைப் பார்த்துக்கொண்டே எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நானும் எழுந்துவிடுவேன். இரண்டு பேரும் விழித்திருப்போம். அந்த வீட்டின் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ராத்திரி வேலையைப் பகிர அங்கே மூன்றாவது ஆள் கிடையாது. அப்பா வெளியூருக்குப் போய் மருந்து வாங்கிவரச் சொன்னால் உடனே கிளம்புவார், குழந்தைக்குத் துணி மாற்றச் சொன்னால் தயங்குவார்.

என் கணவர் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவார். வந்த இரண்டு நாளும் மாப்பிள்ளைக்குரிய உபசாரம். ஒரு தடவை அவர் ராத்திரி எழுந்து குழந்தையைத் தூக்கப்போனபோது அம்மா பதறிப்போய், "மாப்பிள்ளை, நீங்க தூங்குங்க, இதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மரியாதையால் செய்ததுதான். ஆனால் அதன் விளைவு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. சென்னைக்குத் திரும்பினால் குழந்தையின் எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு என்று தெரிந்த ஒரே ஆள் நான் மட்டும். அவருக்குக் குழந்தை கிட்டத்தட்டப் புதிது, குழந்தைக்கு அவர் புதிது. அம்மாவும் பக்கத்தில் இல்லை. பிரசவத்துக்கு அப்புறமான மிகக் கடினமான ராத்திரிகள் எனக்கு அந்த நாலாவது மாதத்தில்தான் வந்தன. அம்மா வீட்டு ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது திரும்பி வந்த பிறகான இந்த மாதத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாவது தடவை அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையை வேலை வாங்கக் கூடாது என்கிற தயக்கம் அவருக்கு இங்கேயும் இருந்தது. என் கணவர்தான் முதல் ராத்திரியே, "அத்தை, நீங்க போய்ப் படுங்க. ஒரு மணி வரைக்கும் என் முறை" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததால் அம்மா ஒப்புக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

முறை இப்படி ஓடியது. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் படுத்துவிடுவேன். அவர் ஏப்பம் எடுத்து, துணி மாற்றி, ஹாலில் பக்கத்திலேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வார். பசி எடுத்ததும் என்னிடம் கொண்டுவருவார், குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு மணிக்கு மேல் என் முறை, குழந்தையின் கட்டில் என் பக்கத்துக்கு வரும். நாலு மணிக்கு அம்மா எழுந்துகொள்வார். அவருக்கு எப்போதுமே அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும், அதனால் அது அவருக்குப் பாரமாக இல்லை. இப்படி மூன்று பேருக்கும் தொடர்ச்சியாகக் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது.

ஒரு மாதம் போல ஆகி, பால் நன்றாக ஊற ஆரம்பித்த பிறகு இதை இன்னும் ஒரு படி நகர்த்தினோம். பகலில் எடுத்துவைத்த தாய்ப்பாலை ராத்திரி ஒரு தடவை மட்டும் என் கணவரே பாலாடையில் கொடுத்தார். நம் வீடுகளில் எப்போதும் இருக்கிற அதே பாலாடைதான், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலும் அதில் பால் கொடுப்பது உண்டு. பாலாடையை முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். குழந்தையை மடியில் தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்து உட்காரவைத்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழ் உதட்டோரம் லேசாக ஒட்டவைத்தால் அது நாக்கை நீட்டித் தானே உறிஞ்சும். வாயில் ஊற்றிவிடக் கூடாது, ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்தி விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில நாள் பாதிப் பால் கழுத்துத் துணியில்தான் போனது. அப்புறம் அவருக்குக் கை பழகிவிட்டது. அந்த ஒரு தடவையால் எனக்கு நாலைந்து மணி நேரம் விட்டுவிடாத தூக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு பகலில் காரணமில்லாமல் வருகிற அழுகை எனக்கு நன்றாகவே குறைந்தது.

எடுத்த பாலை வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரிக்குள் இருக்கிற அறைக்கான கணக்கு. சென்னை வெயிலுக்கு அது பொருந்தாது, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் வரை இருக்கும். எடுத்ததும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். முதல் சில வாரங்களில் மட்டும் பாலைத் தள்ளிப்போட்டு நீண்ட தூக்கம் எடுக்காதீர்கள். பால் ஊறுவது குழந்தை குடிப்பதைப் பொறுத்தது, எடையும் ஏற வேண்டும்.

ஆள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் குழந்தை எங்கே, எப்படிப் படுக்கும் என்பதை எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். மல்லாக்க, தட்டையான, கெட்டியான படுக்கையில், பெரியவர்கள் இருக்கும் அறையிலேயே. பக்கத்தில் தலையணையோ பஞ்சுப் பொம்மையோ கனத்த போர்வையோ கூடாது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும் வேண்டாம். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோஃபாவில் கண்ணயர்வது இருப்பதிலேயே ஆபத்தானது. ராத்திரி முறை பார்க்கிற அப்பாக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணவர் சோஃபா பக்கமே போகாமல் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவார், கண் சொக்கினால் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிடுவார்.

தூளியைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. சேலைத் தூளியில் குழந்தை சட்டென்று தூங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணி வளைவதால் மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சு வழி குறுகலாம். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்வாக இருக்கிற குழந்தைப் படுக்கைகளை விற்பதையே 2022இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பகலில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி, ராத்திரி கட்டில்தான் என்று முடிவானது.

நம் வீட்டு ஏற்பாட்டில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா ஊரில் தனியாக இருந்தார், பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டில்தான் அந்த நாட்கள் ஓடின. மாமியார் வந்து தங்கியபோது ஒரே அடுப்படியில் இரண்டு சம்பந்திகள், யார் சொல்வது நடக்கும் என்ற சங்கடம். சாம்பிராணி போடலாமா வேண்டாமா என்பதிலேயே முகம் சுருங்கியது. குழந்தை இருக்கும் அறையில் புகை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை என் கணவர் தன் அம்மாவிடம் தானே எடுத்துச் சொன்னார். அவரவர் அம்மாவிடம் அவரவர் பேசுவது என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

லீவு விஷயத்தையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் உண்டு, அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரைதான் எடுக்கலாம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை என்றால் 15 நாள், அதைக் குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனி என்றால் அவர்கள் கொடுப்பதுதான். எது கிடைத்தாலும் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி நாட்களிலேயே செலவழித்துவிட வேண்டாம். அப்போது ஆட்கள் நிறைய இருப்பார்கள். அம்மா ஊருக்குக் கிளம்பும் வாரத்துக்குப் பாதியை மிச்சம் வையுங்கள்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனார் வீட்டுக்கு வந்தவர் கைதேர்ந்தவர். குழந்தையை அவர் துணியில் சுற்றுவதைப் பார்த்தாலே நம்பிக்கை வரும். ராத்திரி எட்டு மணிக்கு வந்து காலையில் போவார், நாத்தனார் நன்றாகவே தூங்கினார். ஆனால் நடுவில் அவர் ஊருக்குப் போய்விட, ஏஜென்சி அனுப்பிய அடுத்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அழுதால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார் அந்த இரண்டாமவர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கூடாது என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவோ மாமியாரோ வர முடியாத வீட்டுக்கும், இரட்டைக் குழந்தை வீட்டுக்கும் ஆயா பெரிய துணை. ஆயா இருக்கிறார் என்று கணவர் ராத்திரியிலிருந்து முழுதாக ஒதுங்கிவிட்டால், அந்த ஆயா வேலையை விட்டுப் போகும் நாளில் எனக்கு நாலாவது மாதத்தில் வந்த அதே நிலைதான் வரும் என்று நினைக்கிறேன்.

அம்மா வீட்டுக்கே போவது சிலருக்குச் சரியான முடிவுதான். கணவருக்கு நைட் ஷிஃப்ட் வேலை, ஒரே அறை வீடு, புகுந்த வீட்டில் மனசுவிட்டு அழக்கூட முடியாத சூழ்நிலை என்றால் தயங்காமல் போங்கள். பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற மன அமைதியை வேறு எங்கும் தேட முடியாது. கணவரை மட்டும் வாரக் கடைசி விருந்தாளியாக விடாதீர்கள். வருகிற இரண்டு ராத்திரியும் குழந்தை அவர் பொறுப்பு என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

எங்கே இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் காரணம் தெரியாமல் அழுகை வருவது பலருக்கும் உள்ளது. அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதுகூடப் பெற்றவளுக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்த்தால் பயமோ வெறுப்போ வருகிறது என்றால் அது உடம்பு அசதி மட்டும் இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது. மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இதை ராத்திரி முறை பார்க்கிறவரின் போனில் பதிந்துவையுங்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிற ஆள் அவராகத்தான் இருப்பார்.