சபரிமலையும் எங்கள் செட் சந்திப்பும்: இரண்டிலும் ஊறியவன் அனுபவம்

கார்த்திகை பிறந்தால் மாலை, மே கடைசி ஞாயிறு வந்தால் பாலிடெக்னிக் செட் சந்திப்பு. இந்த இரண்டும் இல்லாமல் பல வருஷமாக எனக்கு வருஷம் முடிந்ததில்லை. இரண்டில் எது நன்றாக நடக்கிறது என்று கேட்டால், சபரிமலைதான். பக்தியை விட்டுவிடுங்கள், ஆட்களைத் திரட்டிக் கூட்டிப்போகும் ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் தேதி. மலைக்குக் கிளம்பும் நாளை, எங்களைக் கூட்டிப்போகும் மூத்தவரான குருசாமி சொன்னால் சொன்னதுதான், யாருக்கு வசதி யாருக்கு வசதியில்லை என்ற பேச்சே கிடையாது. ஆபீஸில் லீவு கேட்கக்கூட வேண்டியதில்லை, தாடியைப் பார்த்ததும் மேனேஜரே "சாமி எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டுவிடுவார். சந்திப்புக்கோ ஜனவரியிலேயே வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பிப்போம், "எனக்கு எந்தத் தேதின்னாலும் ஓகே" என்று முதலில் போட்டவன்தான் ஏப்ரல் கடைசியில் "அந்த ஒரு நாள் மட்டும் மச்சினன் வீட்டு விசேஷம்டா" என்பான். அப்புறம்தான் மலைக்குப் போகிற மாதிரியே மே கடைசி ஞாயிறு, பெரியகுளம் பக்கம் நண்பன் ஒருவனின் மாந்தோப்பு என்று நிரந்தரமாக்கினோம். கூட்டம் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து இருமுடி. கட்டு நிறைக்கிற அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்க இடம் இருக்காது. நார் ஒன்றுகூட இல்லாமல் வழுவழுவென்று தேய்த்த தேங்காயில் கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு நெய்யை ஊற்ற, அது குமிழி விட்டு விட்டு மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். சுற்றி நிற்கிறவர்கள் சரணம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கார்க்கை அழுத்தி மூடும்வரை ஓயாது. அந்த நெய்த்தேங்காயும் பூஜைச் சாமானும் முன்முடியில், வழிக்கு வேண்டியது பின்முடியில். சந்திப்புக்கு ஆரம்பத்தில் எல்லோரும் பின்முடி மட்டும்தான் கட்டிக்கொண்டு வந்தோம்: மிக்சர், முறுக்கு, சீட்டுக்கட்டு. இப்போது முன்முடியும் உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நாங்கள் படித்த இடத்தில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு வருஷக் கட்டணம் கட்டுகிறோம். சந்திப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மலையில் பேங்க் மேனேஜரும் சாமி, வேன் ஓட்டுகிறவரும் சாமி. தோப்புக்குள் நுழைந்தாலும் அதே கதைதான், எங்களில் ஒருவன் இன்று போலீஸ் இன்ஸ்பெக்டர், எங்களுக்கு இன்னும் ஓணான். "டேய் ஓணான், இலையைப் போடுடா" என்றதும் ஜீப்பில் வந்த டிரைவர் சட்டென்று முகத்தை மாமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

கன்னிசாமி விஷயத்தில் மலைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எருமேலியில் வண்ணப்பொடி பூசிப் பேட்டை துள்ளி ஆட வைப்பதிலிருந்து சரங்குத்தியில் அம்பு போன்ற சரக்கோலைக் குத்தவைப்பது வரை, முதல் தடவை வருகிறவர்தான் அந்தக் குழுவின் செல்லப்பிள்ளை. கன்னிசாமியே வராத வருஷம் மாளிகைப்புறத்து அம்மனை மணப்பதாக ஐயப்பன் வாக்குக் கொடுத்தார் என்பது கதை, அதனால் வருஷா வருஷம் புது ஆள் வந்தே ஆக வேண்டும். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். படிப்பு முடிந்த பிறகு யார் கண்ணிலும் படாத ஒருவனையாவது தேடிப்பிடித்துக் கூட்டிவர வேண்டும், அவன் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்தே இருக்க வேண்டும். போன வருஷக் கன்னிசாமி முதல் ஒரு மணி நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் இருந்தான், சாயங்காலம் கிளம்பச் சொல்லி நாங்கள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

சந்திப்பு ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. மலைப்பாதையில் மரக்கூட்டம் என்ற இடத்தில் வரிசை நின்றுவிட்டால் மணிக்கணக்காகும், அப்புறம் பதினெட்டாம்படி ஏறிப் போனால் சந்நிதியில் சில நொடிதான். தோப்பில் நாள் முழுக்கத் தரிசனம். ஆனால் அப்பாச்சிமேட்டில் மூச்சு வாங்கும்போது பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் "சாமி சரணம்" என்று தாண்டிப் போய்விடுகிறாரே முகம் தெரியாத ஒருவர், அது மலையில் மட்டும்தான் கிடைக்கும்.

கணக்கு வழக்கு? குருசாமியின் நோட்டில் குமுளி திரும்புவதற்குள் தீர்ந்துவிடும். எங்களில் சிலர் ஜிபே பண்ண ஆடி ஆகிவிடுகிறது, அதற்கும் சீக்கிரம் ஒரு குருசாமியைப் போட வேண்டும்.

18ஆம் வருஷம் மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று எடுத்துப் போவது வழக்கம். சந்திப்பின் 18ஆம் வருஷத்துக்கும் ஒரு கன்று நட வேண்டும் என்று தோப்புக்காரனிடம் சொல்லியாயிற்று. அவனுக்குச் சம்மதம்தான், மாமரத்துக்கு நடுவே தென்னை எதற்கு என்று அவன் அம்மாதான் கேட்கிறார்கள், அவர்களிடம் பேச ஓணானை அனுப்புவதாக இருக்கிறோம்.