பழைய ஃபாக்ஸ்ப்ரோ கணக்கை பைத்தானுக்கு மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோர், கமிஷன் கடை என்று வைத்துக்கொண்டு இன்னும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கம்ப்யூட்டர் முறை) காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் கணக்கு ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைப் பைத்தான் என்ற இன்றைய புரோகிராம் மொழிக்கு மாற்றித் தருகிறேன் என்று வந்தவரிடம் நான் 75,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதைவிடப் பெரிய அடி, கணக்கு குழம்பியதில் விழுந்தது.

எங்கள் ஸ்டோர் கம்பம்மெட்டு தாண்டி கேரளப் பக்கம் இருக்கிறது. சிறு விவசாயிகள் பச்சைக்காயைக் கொண்டுவந்து எடை போடுவார்கள், நாங்கள் உலர்த்திக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பிடிப்போம், சிலர் காயை எங்களிடமே விற்றுவிடுவார்கள். உரத்துக்கும் மருந்துக்கும் முன்னாடியே பணம் வாங்கியிருப்பார்கள், அது காய் வர வரக் கழியும். இந்த மொத்தக் கணக்கையும் என் சித்தப்பா 1997-இல் ஃபாக்ஸ்ப்ரோ 2.6-இல் எழுதிவைத்தார். அவர் இப்போது இல்லை. ஆனால் அந்த புரோகிராம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்ததால் புதிது வாங்கினோம், அதில் 64 பிட் விண்டோஸ், அந்தக் காலத்து டாஸ் புரோகிராம் அதில் திறக்கவே திறக்காது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதற்குள் போட்டால் பழையது அப்படியே ஓடும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள், அவசரமே இல்லாமல் போய்விடும்.

தெரிந்தவர் மூலமாக எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் வந்தார். 85,000 பேசி 50,000 முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன் என்று வந்து, அவரே டைப் பண்ணிவைத்த பத்து விவசாயிகள் பெயரில் பில் போட்டுக் காட்டினார், திரை அழகாக இருந்தது, அச்சும் சரியாக வந்தது. எங்கள் சொந்தக் கணக்கை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, வரிக்கு வரி அப்படியே மாற்றியிருக்கிறோம் என்றார். நம்பி இன்னொரு 25,000 கொடுத்தேன்.

வரிக்கு வரி மாற்றினது உண்மைதான். வினையே அங்கேதான் இருந்தது.

ஃபாக்ஸ்ப்ரோவில் இரண்டு பெயர் சமமா என்று சமக்குறி போட்டுக் கேட்டால், வலது பக்கம் உள்ள எழுத்துகள் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் ஒப்பிட்டுப் பார்க்கும், எக்ஸாக்ட் என்ற செட்டிங்கை ஆன் பண்ணாத வரைக்கும். அதனால் முதல் நாலைந்து எழுத்து அடித்தாலே ஆள் கிடைத்துவிடுவார், எங்கள் பையன்கள் வருஷக்கணக்காக அப்படித்தான் அடித்தார்கள். பைத்தானில் ஒரு எழுத்து குறைந்தாலும் சமம் இல்லை. அதோடு பழைய ஃபைலில் பெயருக்குப் பின்னால் இடம் மீதி இருந்தால் அதை வெற்றிடத்தால் நிரப்பிவைக்கும், அதை வெட்டாமல் ஒப்பிட்டால் முழுப்பெயர் அடித்தாலும் பொருந்தாது. பெயர் கிடைக்கவில்லை என்றால் புதுக் கணக்கு திறக்க வேண்டும் என்பது சித்தப்பா போட்ட விதி, அதை மட்டும் அச்சு பிசகாமல் மாற்றியிருந்தார்கள். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு. முன்பணம் ஒன்றில், காய் இன்னொன்றில்.

இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? அணக்கரைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சேச்சி, பணம் வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து சீட்டை மேசைமேல் வைத்தார். "மோனே, நான் வாங்கின இருபதாயிரம் இதில் கழிக்கவே இல்லையே, பாரு" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் ஆறு வாரத்தில் 1,40,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். சிலர் கேட்டதும் கொடுத்தார்கள். சிலரிடம் கேட்பதற்கே எனக்கு வாய் வரவில்லை, தப்பு எங்களுடையதுதானே.

அப்புறம் ரவுண்டிங், அதாவது பைசாவை முழு ரூபாயாக்குவது. உலர்த்துகூலி கிலோவுக்கு 13 ரூபாய் என்று வையுங்கள், 12.5 கிலோவுக்கு 162.50 வரும். ஃபாக்ஸ்ப்ரோ இதை 163 ஆக்கும். பைத்தான் 3-இல் ரவுண்ட் போட்டால் 162. சரியாகப் பாதி என்று வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம், 163.50 என்றால் 164 என்று சரியாகவே காட்டும். அதனால் சில பில் பொருந்தும், சில பொருந்தாது, பையன்கள் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக் கல்லாவைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

போன் பண்ணினால், இதெல்லாம் புது வேலை, இன்னும் 30,000 ஆகும் என்றார். புரோகிராமின் மூல வரிகளை, அதாவது சோர்ஸ் கோடைக் கேட்டால் அது எங்கள் சொத்து என்றார். ஒரு மாதம் சண்டை போட்டுத்தான் வாங்க முடிந்தது. அக்கா மகள் கோயம்புத்தூரில் இதே வேலையில் இருக்கிறாள், அவளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "மாமா, இதை மனுஷன் ஒருத்தர்கூட வாசிச்சுப் பார்க்கலை" என்றாள். ஏஐ எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். இந்தப் பகுதியை உங்கள் சொந்தத் தரவை வைத்துச் சோதித்துக்கொள்ளவும் என்று அது ஆங்கிலத்தில் சொல்லியிருந்த குறிப்பைக்கூட அழிக்கவில்லை, மூன்று இடத்தில் கிடந்தது. என் சித்தப்பாவின் பழைய ஃபைலையும் அவள் திறந்தாள். பெயர் தேடும் இடத்துக்கு மேலே, நட்சத்திரக் குறி போட்டு, வாசிப்பவருக்கான குறிப்பாக, தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "முதல் அஞ்சு எழுத்து போதும், எக்ஸாக்ட் ஆன் பண்ணாதே." அதை ஒருவர் நின்று வாசித்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

உத்தமபாளையத்தில் வக்கீலைப் பார்த்தேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம், எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை என்றார்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சோர்ஸ் கோடு எங்களுக்கு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அவர்கள் டைப் பண்ணிய பெயர்களை வைத்துக் காட்டுவதை ஏற்காதீர்கள். போன சீசன் முழுக் கணக்கையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, பில்லுக்குப் பில் பொருந்தின பிறகே கடைசிப் பணம். ரவுண்டிங் எப்படி, பெயர் எப்படி ஒப்பிடுகிறது, தேதியில் மாதம் முன்னால் வருமா நாள் வருமா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அனுப்பிவிடுங்கள்.

இப்போது டாஸ்பாக்ஸில் பழையதைத்தான் ஓட்டுகிறோம். அக்கா மகள் சனி ஞாயிறில் புதியதைத் திருத்துகிறாள், போன சீசனின் 2,916 பில்லில் இன்னும் 41 பொருந்தவில்லை. இரண்டு பக்கத்து பில்லையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருக்கிறாள், வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், சும்மாவே தருகிறோம்.