பைதனின் யூயூஐடி: ஏழாம் வகை வந்த பிறகும் தீராத எரிச்சல்

பைதன் நிரல்மொழியின் 3.14 பதிப்புக்கு மாறினால் யூயூஐடிக்கென்று (ஒன்றோடொன்று மோதாத தனித்த அடையாளத்துக்கென்று) தனியாக நிறுவியிருக்கும் வெளிப் பொதியை நீக்கிவிடலாமா என்று கல்முனையில் கணக்கியல் மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக நீக்கலாம், அதன் புதிய ஏழாம் வகை இப்போது மொழியிலேயே உண்டு. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நெல் கொள்வனவுப் பதிவுகளுக்கு இதைப் பல போகங்களாகப் பயன்படுத்தி வருவதால், அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் பெரும்போக அறுவடையின்போது வயற்களத்திலேயே நெல்லை நிறுத்துப் பற்றுச்சீட்டு போடும் மடிக்கணினிகளுக்கு எந்நேரமும் இணைய இணைப்புக் கிடைப்பதில்லை. அவற்றில் சாதாரண வரிசை எண் கொடுத்தால், மாலையில் மட்டக்களப்பிலுள்ள தரவுத்தளத்தில் சேர்க்கும்போது இரண்டு களங்களின் சீட்டுகள் ஒரே எண்ணோடு வந்து மோதும். யாரையும் கேளாமல் தானே உருவாக்கிக்கொள்ளக்கூடிய 128 பிட் அடையாளமான யூயூஐடி இங்கே ஆடம்பரமன்று. பைதனில் இது 2006இல் வெளிவந்த 2.5 பதிப்பிலிருந்தே உண்டு. இதன் வகைகளில் நான் இதுவரை பயன்படுத்திய நான்காம் வகையில் 122 பிட்கள் தற்செயலாக அமைவதால் மோதலைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

என் கோபமெல்லாம் வேறிடத்தில். யூயூஐடியும், தரவை எழுத்தாக்கிப் பரிமாற உதவும் ஜேசனும் ஒரே மொழியின் சொந்த நூலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், ஒன்றை மற்றொன்றுக்குத் தெரியாது. அடையாளத்தை உள்ளே வைத்த பதிவொன்றை ஜேசனாக மாற்றச் சொன்னால், இந்த வகையை மாற்ற முடியாது என்று பிழை எறிகிறது. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்கு நேரடியாகக் கொடுத்தாலும் அதே கதைதான். ஜேசனில் அப்படியொரு வகையே இல்லை என்பது நியாயமான விளக்கம்தான். ஆனால் திகதியைப் போல ஆளுக்கொரு விதமாக எழுதும் பொருளா இது? 36 எழுத்துகளில் எப்படி எழுத வேண்டும் என்பதைத் தரநிலையே வகுத்திருக்கிறது.

ஜேசனாக மாற்றும் டம்ப்ஸ் செயற்கூற்றில், தெரியாத வகைகளைக் கையாளும் டிஃபால்ட் இடத்தில் ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) மாற்றும்படி கொடுத்துவிட்டால் பிழை மறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மறையும், அதோடு டெசிமல் என்ற தசம எண் வகையில் வைத்த நெல் விலையும் சத்தமில்லாமல் ஸ்ட்ரிங்காகிவிடும். அதைவிடக் கெடுதியானது திரும்ப வாசிக்கும்போது நடப்பது. ஜேசனிலிருந்து வந்த அடையாளம் வெறும் எழுத்தாக இருக்க, நினைவகத்திலுள்ளது யூயூஐடி பொருளாக இருக்க, இரண்டும் சமமா என்று கேட்டால் பைதன் பிழை எதுவும் காட்டாமல் இல்லை என்று மட்டும் சொல்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட சீட்டா என்று பார்க்கும் வரி அதனால் ஏமாந்து, ஒரே போடியாருடைய (வயற்சொந்தக்காரருடைய) நெல் இரண்டு தரம் கணக்கில் ஏறக்கூடும். எது சிறியது என்று ஒப்பிட்டால் மட்டும் பிழை எறியத் தெரிந்த மொழிக்கு, சமமா என்று கேட்கும்போது ஓர் எச்சரிக்கையாவது தரத் தோன்றவில்லை.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற தரநிலை ஆவணம் வகுத்த ஏழாம் வகையை 3.14 பதிப்பு மொழிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது, அதுவும் மிக அழகாக. முதல் 48 பிட்களில் மில்லி விநாடிக் கணக்கில் நேரம் இருப்பதால் அடையாளத்தை எழுத்தாக அடுக்கினாலே சீட்டுகள் நேர வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒரே மில்லி விநாடிக்குள் பல உருவானாலும் வரிசை குலையாதபடி 42 பிட் எண்ணி (கவுண்டர்) ஒன்றும் வைத்திருக்கிறார்கள். நான்காம் வகை தரவுத்தளச் சுட்டியின் (இண்டெக்ஸின்) பக்கமெல்லாம் சிதறி விழும் இடத்தில் இது ஒழுங்காகக் கடைசியில் போய்ச் சேர்கிறது. தரநிலையின் முன்வரைவுகளில் பிட் அமைப்பு மாறிக்கொண்டே இருந்ததால், பழைய வரைவைப் பின்பற்றிய வெளிப் பொதிகளின் எண்கள் புதியவற்றோடு சேர்ந்து நேர வரிசைக்கு வராது என்பதையும் நண்பர் கவனித்துக்கொள்ள வேண்டும். மதர்போர்ட் பற்றரி செத்து, கடிகாரம் பின்னுக்குப் போன மடிக்கணினியிலும் வரிசை கெடும். அதற்கு மொழியைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே மாறுங்கள், பொதியை நீக்குங்கள். நானும் மாறிவிட்டேன். ஆனால் இந்தப் போகத்துக்கு எழுதிய நிரலில் யூயூஐடி பொருள் ஒரு வரிக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. உருவாக்கிய இடத்திலேயே ஸ்ட்ரிங்காக்கி, கடைசி வரை ஸ்ட்ரிங்காகவே கொண்டுபோகிறேன்.